புதிய முறை வந்ததும் பழகிய கைகள் பின்தங்குவது ஏன்?

கேள்வி: திருப்பூரில் ஓர் ஏற்றுமதிப் பின்னலாடை நிறுவனத்தில் செக்கிங் பிரிவின் பொறுப்பாளராக இருக்கிறேன். முன்பு ஒவ்வொருவரும் பிசிறு வெட்டி, தையல் பார்த்து, பண்டல் கட்டுவார்கள். ஒரு மாதத்துக்கு முன் பிசிறு வெட்டுவதைத் தனியாகவும் தையல் பார்ப்பதைத் தனியாகவும் பிரித்தோம். காரணத்தை விளக்கிச் சொல்லிவிட்டுத்தான் மாற்றினோம். ஆனாலும் எண்ணிக்கை சரிந்துவிட்டது. அதிலும் பத்து ஆண்டு அனுபவம் உள்ளவர்களே அதிகம் பின்தங்குகிறார்கள். பீஸ் ரேட் (ஒரு பீஸுக்கு இவ்வளவு என்ற கூலி) குறைவு என்று சண்டை வருகிறது, இருவர் நின்றுவிட்டார்கள். ஊக்கத்தொகை கொடுக்கலாம், அல்லது தினசரி எண்ணிக்கையைப் பெயரோடு பலகையில் எழுதிப் போடலாம் என்கிறார் முதலாளி. எது சரி?

பதில்: இரண்டையும் சில நாட்களுக்கு நிறுத்தி வையுங்கள். பலகையை எழுதவே வேண்டாம் என்று சொல்வேன். காரணத்தைச் சொல்வதற்கு முன், உங்கள் தொழிலிலேயே நடந்த ஒரு பழைய ஆய்வை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நீங்கள் எழுதியிருப்பது ஏறக்குறைய அப்படியே அதில் பதிவாகியிருக்கிறது.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற ஊரில் ஹார்வுட் என்ற பைஜாமா தொழிற்சாலை இருந்தது. ஏறத்தாழ 500 பெண்களும் 100 ஆண்களும் பீஸ் ரேட்டில் வேலை செய்தார்கள். அங்கும் வேலைமுறையை மாற்றும்போதெல்லாம் இதே தொல்லைதான். மாற்றப்பட்டவர்களில் 38 சதவீதம் பேர் மட்டுமே பழைய வேகத்துக்குத் திரும்பினார்கள். மற்றவர்கள் நிரந்தரமாகப் பின்தங்கினார்கள் அல்லது வேலையை விட்டார்கள். புதிதாகச் சேர்ந்த பெண் வேலையைக் கற்றுக்கொள்ள ஆகும் காலத்தைவிட, அனுபவசாலி மாற்றுவேலையைக் கற்க ஆகும் காலம் கூடுதலாக இருந்தது. கற்கும் காலத்தில் வருமானம் குறையாதபடி நிறுவனம் தனித்தொகையும் கொடுத்தது. அப்போதும் மனக்கசப்பு தீரவில்லை. பணம் தேவை, ஆனால் பணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது.

லெஸ்டர் கோச், ஜான் பிரெஞ்ச் ஆகிய இருவரும் அங்கே நடத்திய சோதனை 1948-இல் வெளியானது. கையால் இஸ்திரி போடும் 18 பேரிடம் வழக்கமான முறையைப் பின்பற்றினார்கள். அரை டஜன் அரை டஜனாக அட்டைமீது அடுக்கி வந்தவர்கள் இனிப் பெட்டிக்குள் அடுக்க வேண்டும். கூட்டம் கூட்டி, போட்டி காரணமாக இந்த மாற்றம் என்று சொல்லி, புதிய ரேட்டை விளக்கி, கேள்விகளுக்கும் பதில் சொன்னார்கள். நீங்கள் செய்ததும் இதுதான். அந்தக் குழு பழைய வேகத்துக்குத் திரும்பவில்லை. 40 நாட்களில் 17 சதவீதம் பேர் நின்றுவிட்டார்கள். ரேட் குறைவு என்று புகார் எழுந்தது. சரிபார்த்தபோது ரேட் சற்றுத் தாராளமாகவே இருந்தது தெரியவந்தது. ஆகவே உங்களிடம் வரும் ரேட் சண்டையை உடனே பேராசை என்று எண்ணிவிடாதீர்கள். சொல்லத் தெரியாத ஒரு வருத்தத்துக்கு, சொல்லக்கூடிய ஒரே பெயராக ரேட் அமைந்துவிடுவது உண்டு.

செக்கிங் வேலை செய்த எட்டுப் பேரும் ஏழு பேருமாக இரண்டு சிறு குழுக்களை ஆய்வாளர்கள் வேறு விதமாக நடத்தினார்கள். எல்லா நூலையும் வெட்டி வந்தவர்கள் இனிக் குறிப்பிட்ட சில நூல்களை மட்டும் எடுத்தால் போதும் என்பதுதான் மாற்றம். அதே சோதனையின் வேறொரு குழுவிடம் ஒரே மாதிரியான இரண்டு ஆடைகளைக் காட்டி, எது மலிவானது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். யாராலும் சொல்ல முடியவில்லை. ஒன்று 1946-இல், மற்றது 1947-இல் விற்றதைப் போல இரண்டு மடங்கு விலைக்கு விற்றது. விலை இறங்கிவிட்ட செய்தி அவர்களின் கையிலேயே இருந்தது. செக்கிங் குழுக்களுக்கும் மாற்றத்தின் தேவையைக் கண்முன் காட்டினார்கள். பிறகு, தேவையற்ற வேலை எது, எப்படிக் குறைக்கலாம் என்பதை அந்தக் குழுக்களில் இருந்தவர்களே பேசி வகுத்தார்கள். அந்தக் குழுக்கள் விரைவில் மீண்டு, முன்பிருந்ததைவிட ஏறக்குறைய 14 சதவீதம் கூடுதல் உற்பத்திக்குப் போயின. 40 நாட்களில் ஒருவரும் விலகவில்லை.

ஒரு மாதம் கடந்துவிட்ட உங்களுக்கு முக்கியமானது அடுத்து நடந்ததுதான். முதற்குழுவில் எஞ்சிய 13 பேரையும் இரண்டரை மாதம் கழித்து வேறொரு வேலைக்கு மாற்றியபோது, இந்த முறை அவர்களையும் கலந்து பேசித் திட்டமிட வைத்தார்கள். முன்பு முரண்டு பிடித்த அதே கைகள் வேகமாக மீண்டன. ஆட்களின் குணத்தில் குறை இல்லை என்பதற்கு வேறு சான்று எதற்கு?

என் அனுபவத்திலும் ஒரு காட்சி நினைவில் நிற்கிறது. இப்படிப் பிரிக்கப்பட்ட ஒரு செக்கிங் மேஜை அருகே வெகுநேரம் நின்று பார்த்தேன். தையல் பார்க்கும் பொறுப்பு மட்டுமே இருந்த மூத்த பெண் ஒருவர், கழுத்துப்பட்டியைப் புரட்டியதும், அங்கே இல்லாத கத்தரியைத் தேடி அவருடைய வலது கை மேஜையின் ஓரத்துக்குப் போகும், வெறுங்கையாகத் திரும்பும். ஒவ்வொரு பீஸிலும் இதே நடந்தது. பக்கத்தில் புதிதாக வந்த பெண்ணுக்கு அந்தத் தடுமாற்றமே இல்லை. மற்றவர்கள் சந்தேகம் கேட்க வரும் இடத்தில் இருந்தவர், நேற்று வந்தவரைவிடக் குறைவாக எண்ணிக்கை காட்டி நிற்கிறார். அந்தக் கூச்சம் கையை மேலும் கட்டிப்போடுகிறது.

இந்த நிலையில் பெயர்ப்பலகை வைத்தால் என்ன ஆகும்? குளூகர், டெனிசி ஆகிய ஆய்வாளர்கள் இருவரும் 1996-இல் செயல்திறன் குறித்த பின்னூட்டங்களைப் பற்றிய 607 ஒப்பீடுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சராசரியில் பலன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் செயல்திறன் குறைந்தே போயிருந்தது. வேலையிலிருந்து விலகித் தன்னைப் பற்றிய கவலைக்குக் கவனம் திரும்பும்போது பின்னூட்டம் பலனிழக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். பெயரோடு எழுதிய எண் அந்தக் கவலையைத்தான் தூண்டும். எண்ணிக்கையை அவரவரிடம் தனியாக, எந்தத் தையலில் நேரம் போகிறது என்ற விவரத்தோடு சொல்லுங்கள்.

இனிச் செய்ய வேண்டியவை. பழைய மூன்று மாதச் சராசரி வருமானம் குறையாது என்று ஒரு குறிப்பிட்ட தேதி வரை முதலாளியிடம் எழுத்தில் வாங்குங்கள். கூலிப் பயம் இருக்கும்வரை யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். அடுத்து, எட்டு, பத்துப் பேராக உட்கார்த்தி, திரும்பி வந்த பீஸ்களை மேஜையில் பரப்பி, எந்தப் பிசிறு வாங்குபவரின் கண்ணில் படுகிறது, எது படுவதில்லை என்று அவர்களையே பிரிக்கச் சொல்லுங்கள். கத்தரி எங்கே இருக்க வேண்டும், யார் எந்த மேஜை, எத்தனை பீஸுக்கு ஒரு பண்டல், எத்தனை நாளில் எந்த எண்ணிக்கை என்பவற்றை அவர்கள் முடிவுசெய்யட்டும். வேலையைப் பிரிப்பது மாற்ற முடியாத முடிவு என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடிவெடுத்துவிட்டுக் கருத்துக் கேட்பதைப் போல நடிப்பது, கேட்காமல் இருப்பதைவிடக் கேடு.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. ஹார்வுட் குழுக்கள் சிறியவை. எல்லா இடத்திலும் அதே பலன் வரும் என்று சொல்ல முடியாது. நார்வேயில் ஒரு காலணித் தொழிற்சாலையில் பிரெஞ்ச் குழுவினர் இதே முறையைச் செய்து 1960-இல் வெளியிட்டபோது உற்பத்தி உயரவில்லை. அங்கே தொழிலாளரிடம் விடப்பட்ட முடிவுகளில் கூலி விகிதம் இல்லை. ஆகவே உங்கள் கூட்டத்தில் ரேட் பற்றிய பேச்சு எழுந்தால் அதை ஒதுக்காதீர்கள். ரேட் வகுப்பதற்காக நேரம் கணக்கிட்ட தாளை மேஜைமீது வைத்து, அவர்களில் இருவரை வைத்துக்கொண்டே மறுபடி நேரம் பாருங்கள்.

கூட்டத்துக்கு முன், நின்றுபோன அந்த இருவரையும் நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். திரும்ப வரச் சொல்வதற்கு முன், கடைசி வாரத்தில் அவர்களுக்கு எந்த இடத்தில் சிரமம் இருந்தது என்று கேட்டு, அவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பை வைத்துக் கூட்டத்தைத் தொடங்குங்கள்.