அம்மாவுக்கு ஒரு வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

2020 ஊரடங்கில் நாங்கள் ஐந்து பேரும் சத்துவாச்சாரி வீட்டிலேயே இருந்தோம். ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் கட்டிங் வேலை பார்க்கும் அப்பாவைப் பகலில் வீட்டில் பார்த்ததே அப்போதுதான். எனக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. தங்கைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. மாலையில் பாட்டியோடு தாயம் ஆடுவோம். இரவில் மொட்டைமாடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அம்மா தினமும் ஏதாவது பலகாரம் செய்துகொண்டே இருப்பார். இன்று பாட்டி இல்லை. ஞாயிற்றுக்கிழமைகூட ஆளுக்கொரு நேரத்தில் சாப்பிடுகிறோம். எல்லோர் கையிலும் செல்போன். அந்த நாட்களை மீட்க முடியுமா?

ஒரு வாசகர், வேலூர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் பாட்டியை நினைத்து எழுதிய வரிகள் என்னைத் தொட்டன. பேரப்பிள்ளைகள் நாள் முழுவதும் கண்ணெதிரே இருந்த சில மாதங்கள் அவருக்குக் கடைசிக் காலத்தில் வாய்த்தன என்பது சிறிய பேறு அல்ல. செல்போனைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. ஊரடங்கிலும் உங்கள் எல்லோர் கையிலும் அது இருந்தது, அதனால் யாரும் தாயம் ஆடாமல் போய்விடவில்லை.

என்னை உறுத்துவது வேறு. இத்தனை நெகிழ்ச்சியான கடிதத்தில் அம்மாவுக்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள், அந்த வரியிலும் அவர் அடுப்படியில்தான் நிற்கிறார். தாயம் ஆடியவர்களில் அவர் இருந்தாரா? மொட்டைமாடியில் வட்டமாக உட்கார்ந்தபோது அவரும் உட்கார்ந்தாரா, அல்லது குழம்புச் சட்டியையும் தண்ணீர்ச் சொம்பையும் தூக்கிக்கொண்டு படியேறி இறங்கிக்கொண்டிருந்தாரா? உங்களுக்கு நினைவில்லை என்றால் அதுவே பதில்.

மார்ச் 24ஆம் தேதி மாலை தமிழ்நாட்டில் 144 தடையுத்தரவும், மறுநாள் நாடு முழுவதும் ஊரடங்கும் வந்தபோது, கம்பெனி மூடியது, பள்ளிக்கூடம் மூடியது, அடுப்பு மட்டும் மூடப்படவில்லை. அதுவரை மதியச் சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொண்டு கிளம்பிப் போனவர்கள் எல்லாம் மூன்று வேளையும் சூடாகக் கேட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கடையிலிருந்து வந்த காய்கறியை மஞ்சள் தண்ணீரில் கழுவி உலர்த்தி எடுத்து வைக்க வேண்டும். வெளியே போய் வந்தவர் உடுத்திய துணியை உடனே துவைக்க வேண்டும். எல்லோரும் மணிக்கொரு தரம் கை கழுவ, பல தெருக்களில் தினமும் குழாயில் தண்ணீர் வராத நம் ஊரில் குடங்களை நிரப்பி வைக்க வேண்டும். அந்த மே மாதம் எப்படிப்பட்டது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்கினி நட்சத்திரத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வேலூர் வெயிலில், கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் நின்றுகொண்டு ஒருவர் உங்களுக்காகப் பலகாரம் சுட்டிருக்கிறார்.

இது உங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. மத்தியப் புள்ளியியல் துறை 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், கூலியில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், அவ்வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள் என்று தெரியவந்தது. நோய் வருவதற்கு முந்தைய ஆண்டின் கணக்கு இது. எல்லோரும் வீட்டில் அடைந்த பிறகு அந்த 299 எங்கே போய் நின்றிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

குடியாத்தத்தில் என் பெரியம்மா மகள் ஒருவர் இருக்கிறார். பல ஆண்டுகளாகப் பீடி சுற்றுகிறார். ஈரத் துணியில் பதமாக்கிய இலையைத் தகட்டு அளவு வைத்துக் கத்தரியால் வெட்டி, மடியில் முறத்தை வைத்து, தூளை ஒரு விரல் தள்ளலில் பரப்பிச் சுருட்டி, நூலால் கட்டி, வாயை நகத்தால் மடித்துவிடுவார். கண் அப்போதும் அடுப்பில் கொதிக்கும் உலையின் மேலேயே இருக்கும். அவருக்கு வீடே எப்போதும் பட்டறை. ஊரடங்கு வந்ததும் இலையும் தூளும் வருவது நின்றது, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கைக்கு வந்த கூலியும் நின்றது. லுங்கித் தறி ஓட்டும் அவர் கணவரும் இரண்டு பையன்களும் வீட்டோடு இருந்தார்கள். பின்னர் ஒருமுறை பேசும்போது, “கைக்குத்தான் ஓய்வு கிடைச்சுது, காலுக்குக் கிடைக்கல” என்றார் அக்கா. வருமானம் போனது, வேலை கூடியது. அந்த வீட்டுப் பையன்களும் இன்று உங்களைப் போலவே அந்த நாட்களை நினைத்து ஏங்குகிறார்கள். அக்காவின் வாயிலிருந்து அந்த ஏக்கத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

உங்கள் தங்கையையும் விசாரியுங்கள். மார்ச் 27இல் தொடங்க வேண்டிய தேர்வு ஜூன் 1க்கும், பிறகு ஜூன் 15க்கும் தள்ளிப்போய், ஜூன் 9ஆம் தேதி ரத்து என்று அறிவிக்கப்படும்வரை அந்தப் பெண் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாமல் இருந்திருப்பாள். அதற்கிடையில் காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் அவளைக் கூப்பிட்டார்களா, மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்த உங்களைக் கூப்பிட்டார்களா?

நீங்கள் கெட்ட பிள்ளை இல்லை. அப்பாவைப் பகலில் பார்த்ததற்கே இவ்வளவு மகிழ்ந்த மனம் கல்மனம் ஆகாது. அதனால்தான் உரிமையோடு கடிந்துகொள்கிறேன். அப்பாவின் பகல் உங்களுக்குப் புதிதாக இருந்தது, சரி; அம்மாவின் பகலை உங்கள் வாழ்நாளில் என்றாவது நின்று பார்த்திருக்கிறீர்களா? அவர் சாப்பிட்டு முடிக்கும்போது மணி என்ன, அப்போது பாத்திரத்தில் என்ன மிஞ்சியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா?

மீட்க முடியுமா என்று கேட்டீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டுமானால், நீங்கள் காலையிலேயே எழுந்து உலை வையுங்கள். பலகாரம் எதுவும் வேண்டாம். சோறும் ஒரு குழம்பும் போதும். அம்மாவை உட்கார வைத்து அவருக்கு முதலில் பரிமாறுங்கள். அப்பாவும் சமையலறைக்கு வரட்டும். தோலை மில்லிமீட்டர் பிசகாமல் வெட்டும் கைக்கு வெங்காயம் நறுக்க யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.