'எ லாட் ஆஃப்' வந்தால் 'இஸ்' போடுவதா, 'ஆர்' போடுவதா?

கேள்வி: ஒரு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் வேலை பார்க்கிறேன். மின்னஞ்சல் ஒன்றில் 'எ லாட் ஆஃப் இன்ஃபர்மேஷன் ஆர் மிஸ்ஸிங்' என்று எழுதினேன். மேலாளர் 'ஆர்' என்பதை 'இஸ்' ஆக்கினார். 'எ' என்று தொடங்குவதால் ஒருமைதான் போலிருக்கிறது என்று நினைத்து, அடுத்த வாரம் 'எ லாட் ஆஃப் சப்ளையர்ஸ் இஸ் வெயிட்டிங்' என்று எழுதினேன். அதை 'ஆர்' ஆக்கிவிட்டார். எதுதான் சரி? அலுவலக எழுத்தில் 'எ லாட் ஆஃப்' வரவே கூடாது என்று ரெஸ்யூமே திருத்திக் கொடுப்பவர் சொல்கிறார். அதுவும் உண்மையா?

பதில்: மேலாளர் இரண்டு முறையும் சரியாகத்தான் திருத்தியிருக்கிறார். காரணத்தையும் ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் உங்களுக்கு இந்தக் குழப்பமே வந்திருக்காது.

'எ லாட் ஆஃப்' என்பதை மொத்தமாக 'நிறைய' என்ற ஒரே சொல்லாக எடுத்துக்கொள்ளுங்கள். 'நிறைய பேர் வந்தார்கள்' என்கிறோம். 'நிறையத் தண்ணீர் வந்தது' என்கிறோம். 'நிறைய' என்ற சொல்லைப் பார்த்தா வினையை முடிக்கிறோம்? அதற்குப் பின்னால் வருவதைப் பார்த்துத்தான். ஆங்கிலத்திலும் அப்படியே. 'ஆஃப்' தாண்டி என்ன இருக்கிறது என்று பாருங்கள். சப்ளையர்ஸ், ஃபைல்ஸ், பீப்பிள் என்று பன்மை இருந்தால் 'ஆர்'. டைம், மணி, இன்ஃபர்மேஷன் என்று எண்ண முடியாதது இருந்தால் 'இஸ்'. முன்னால் நிற்கும் 'எ' வெறும் வேஷம். 'லாட்ஸ் ஆஃப்' என்று எழுதினாலும் இதே கதைதான்: 'லாட்ஸ் ஆஃப் டைம் இஸ்'.

தமிழ் நம்மைக் கவிழ்ப்பது வேறோர் இடத்தில். நமக்குத் தகவல்கள் உண்டு, அறிவுரைகள் உண்டு, கருவிகள் உண்டு. ஆங்கிலத்தில் இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஈக்விப்மென்ட், ஃபர்னிச்சர் எதற்கும் பன்மை கிடையாது. மனசுக்குள் 'தகவல்கள்' என்று ஓடியதால்தான் உங்கள் கை 'ஆர்' போட்டிருக்கிறது. அதனால் தமிழில் யோசித்து முடிவெடுக்காமல், அந்த ஆங்கிலச் சொல்லின் முகத்தைப் பார்த்து எழுதுங்கள்.

நீங்கள் கொள்முதல் பிரிவில் இருப்பதால் ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லியே ஆகவேண்டும். 'லாட்' என்பது முதலில் குலுக்கிப் போட்டு முடிவு செய்யப் பயன்பட்ட மரத்துண்டு மாதிரியான பொருளின் பெயர். லாட்டரி அந்த வழியில் வந்ததுதான். குலுக்கலில் ஒருவருக்கு விழுந்த பங்கும் 'லாட்' ஆயிற்று, அவருடைய விதியும் 'லாட்' ஆயிற்று. (பழந்தமிழில் 'பால்' என்ற சொல்லுக்கும் பகுதி, ஊழ் என்று இரண்டு பொருள் உண்டு. என்ன பொருத்தம்!) பங்கு என்பதிலிருந்து மனைத் துண்டு, ஏலத்தில் ஒன்றாக விடும் பொருள்கள், ஒரே தொகுதியாக வந்த சரக்கு என்று பொருள் விரிந்தது. 'நிறைய' என்பது கடைசியாக வந்து ஒட்டிக்கொண்ட பொருள்.

சரக்குத் தொகுதி என்ற பொருளில் 'லாட்' அசல் பெயர்ச்சொல், ஒருமை. 'எ லாட் ஆஃப் 500 போல்ட்ஸ் வாஸ் ரிஜெக்டட்' என்பது சரி. 500 போல்ட் கொண்ட ஒரு தொகுதி திரும்பியது என்று அர்த்தம். 'எ லாட் ஆஃப் போல்ட்ஸ் வேர் ரிஜெக்டட்' என்றால் நிறைய போல்ட் கழிந்தது என்று அர்த்தம். இரண்டும் ஒன்றில்லை. மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துச் சோதிக்கும் முறையில், அந்தச் சிலவற்றில் பழுது அளவை மீறினால் தொகுதி முழுவதையும் நிராகரிப்பார்கள். 500-ம் பழுது என்று ஆகாது. இலக்கணம் திருத்தும் மென்பொருள் இதையெல்லாம் யோசிக்காது. நான் திருத்திய ஓர் அறிக்கையில் அது 'வாஸ்' என்பதை 'வேர்' ஆக்கி வைத்திருந்தது, நானும் ஒருமுறை கவனிக்காமல் விட்டுவிட்டேன். வம்பே வேண்டாம் என்றால் 'பேட்ச்' என்று எழுதுங்கள், அல்லது 'லாட் நம்பர் 14' என்று எண்ணைப் போடுங்கள்.

அப்புறம் அந்த ரெஸ்யூமேக்காரர். 'எ லாட் ஆஃப்' கொஞ்சம் பேச்சுவாடை உள்ளதுதான், தவறு கிடையாது. அலுவலக மின்னஞ்சலில் தாராளமாக எழுதலாம். இவர்கள் அதை அடித்துவிட்டு 'எ ப்ளெத்தோரா ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' என்று போட்டுக் காசு வாங்குவார்கள். 'ப்ளெத்தோரா' முன்பு உடம்பில் ரத்தம் மிகுந்துபோவதைக் குறித்த மருத்துவச் சொல்; தேவைக்கு மிஞ்சியது என்ற நெடி இன்னும் அதில் இருக்கிறது. வேலைக்கு எடுப்பவரிடம் உங்கள் அனுபவம் தேவைக்கு மிஞ்சியது என்றா சொல்ல வேண்டும்? நூறு விதி, ஆயிரம் விதி என்று விற்கும் கோப்புகளையும் வாங்காதீர்கள். கோடிட்ட இடத்தை நிரப்பு என்று பல வருஷம் கேட்டுவிட்டு, ஏன் 'இஸ்', ஏன் 'ஆர்' என்று ஒருநாளும் சொல்லித்தராத பாடமுறைதான் இவர்களுக்கெல்லாம் கடை திறந்து கொடுத்தது.

'அலாட்' என்று சேர்த்து எழுதிவிடாதீர்கள். இடம் விட்டு இரண்டு சொல்லாக எழுத வேண்டும். சேர்த்து எழுதினால் சில சமயம் கைப்பேசி இன்னொரு 'எல்' நுழைத்து 'ஒதுக்கு' என்ற பொருளுக்கு மாற்றிவிடலாம்.

முறையான அறிக்கை என்றால், எண்ணக்கூடியதற்கு 'எ லார்ஜ் நம்பர் ஆஃப்', எண்ண முடியாததற்கு 'எ கிரேட் டீல் ஆஃப்' என்று எழுதலாம். கணக்கு கையில் இருந்தால் இரண்டும் வேண்டாம், '37 சப்ளையர்ஸ்' என்று எழுதிவிடுங்கள். 37-க்கு 'இஸ்' போடுவதா 'ஆர்' போடுவதா என்ற சந்தேகம் உங்களுக்கே வராது.