‘பவர் பூஸ்டர்’ பற்றி வந்த கடிதங்கள்

கேள்வி: ஆர்.சி. (ரிமோட்டில் ஓடும் பொம்மை) காருக்கு ‘பவர் பூஸ்டர்’ என்று ஒரு கெபாசிட்டரை (மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கிவைக்கும் சாமான்) ஆன்லைனில் 1,400 ரூபாய்க்கு விற்கிறார்கள். வேகம் கூடுமாம். வாங்கலாமா? (குன்னூர்)

பதில்: வேண்டாம்.

கேள்வி: வாங்கி ஏமாந்துவிட்டேன் ஐயா. பையன் காரில் வேகம் கூடவே இல்லை. மேலுறையைக் கிழித்தால் உள்ளே சுண்டுவிரல் தடிமனில் இன்னொரு கெபாசிட்டர். உறையில் 2200 மைக்ரோஃபேரட் (தேக்கும் திறனின் அளவு), உள்ளே 220. விற்றவர் டெல்லி; திருப்பி எடுக்க மாட்டாராம். (கோத்தகிரி)

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. இது அப்பட்டமான மோசடி. இரண்டு எண்ணும் தெரிகிற மாதிரி படம் எடுத்து, பில்லோடு வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியுங்கள். அசையாவிட்டால் ஊட்டியிலேயே நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தில் வழக்குப் போடலாம்; பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. 2 வருடத்தைத் தாண்டவிடாதீர்கள்.

ஒன்று சொல்கிறேன், அசல் வந்திருந்தாலும் வேகம் கூடியிருக்காது. ‘பூஸ்டர்’ என்று பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஸ்பீடு கன்ட்ரோலர் மின்சாரத்தை விநாடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி வெட்டித்தான் மோட்டாருக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் வோல்டேஜ் குதிக்கும், சரியும். பேட்டரி ஒயர் நீளமானால் இன்னும் மோசம். அந்தக் குதிப்பை உள்வாங்கி கன்ட்ரோலர் எரியாமல் காப்பதுதான் கெபாசிட்டரின் வேலை. 1000 மைக்ரோஃபேரட்டில் 8.4 வோல்ட் ஏற்றினால் தேறுவது 0.035 ஜூல். 400 வாட் இழுக்கிற மோட்டார் அதை விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் தின்றுவிடும். அதை வைத்து எந்த மேட்டில் ஏறுவது? உதிரிபாகக் கடையில் டீ, வடை காசுக்குக் கிடைக்கிற சாமான் இது. (என் மேஜை டிராயரில் ‘தங்க முலாம்’ கனெக்டர் ஒரு ஜோடி கிடக்கிறது. முதல் ஓட்டத்திலேயே பிளாஸ்டிக் இளகிவிட்டது. யாரைக் குறை சொல்ல!)

கேள்வி: டிசம்பர் காலையில் கார் மந்தமாக ஓடுகிறது. பெரிய கெபாசிட்டர் போடட்டுமா? (ஊட்டி)

பதில்: குளிரில் லைப்போ (இந்தக் கார்களில் போடும் லித்தியம்) பேட்டரியின் உள்தடை ஏறி, வோல்டேஜ் படுத்துவிடும். பேட்டரியை ஸ்வெட்டருக்குள் வைத்திருந்து, ஓட்டும்போது எடுத்து மாட்டுங்கள். செலவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ரிசீவர் (காரில் ரிமோட் சிக்னலை வாங்கும் பெட்டி) அணைந்து மறுபடி உயிர் பெற்றால் மட்டும், ரிசீவரின் காலிச் சேனலில் 4700 மைக்ரோஃபேரட், 16 வோல்ட் ஒன்று செருகிப் பாருங்கள்.

கேள்வி: 3 செல் பேட்டரிக்கு 10 வோல்ட் கெபாசிட்டர் போட்டேன், வெடித்துவிட்டது. கடைக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா? (கொடைக்கானல்)

பதில்: எந்த முகத்தோடு? முழு சார்ஜில் அந்தப் பேட்டரி 12.6 வோல்ட். 10 என்று அதன் மேலேயே அச்சிட்டிருக்கிறதே. வெடித்தது கண்ணில் தெறிக்காமல் போனது நல்லகாலம்.

கேள்வி: பழைய கார் ஒன்று விலைக்கு வருகிறது. கன்ட்ரோலர் கெபாசிட்டரின் தலை உப்பியிருக்கிறது. (கூடலூர்)

பதில்: அதைக் காட்டி விலையைக் குறையுங்கள். மாற்றாமல் ஓட்டாதீர்கள். 25 வோல்ட்டுக்குக் குறையாமல், 105 டிகிரி (தாங்கும் சூடு) என்று அச்சிட்டதாக, லோ ஈ.எஸ்.ஆர். (உள்தடை குறைந்தது) கேட்டு வாங்குங்கள். கால்களைக் குட்டையாக வெட்டிப் பற்றவையுங்கள். கோடு போட்ட பக்கம் மைனஸ்.