கியர் பெட்டியை இறக்கும் முன் ஏர் டிரையரைப் பாருங்கள்

கேள்வி: நாமக்கல்லில் சொந்தமாக ஒரு 12 சக்கர லாரி வைத்திருக்கிறேன். 9 கியர் பெட்டி, கியர் நாப்பில் லோ–ஹை சுவிட்ச். கொஞ்ச நாளாக 4-லிருந்து 5-க்குப் போகும்போது ஹை விழுவதில்லை. சுவிட்சை இரண்டு மூன்று தடவை ஏற்றி இறக்கினால் விழுகிறது. காலையில் தொந்தரவு அதிகம், மதியத்துக்கு மேல் குறைவு. பைபாஸ் ரோட்டில் ஒரு பட்டறையில் காட்டினேன். சிங்க்ரோனைசர் (கியர் உராயாமல் விழச் செய்யும் பாகம்) போய்விட்டது, பெட்டியை இறக்க வேண்டும், 90 ஆயிரம் ஆகும் என்கிறார்கள். மற்றபடி ஏர் லைனில் ஒன்றும் குறையில்லை. போன வருடம் ஏர் டிரையர் கோளாறு செய்ததால், காற்று அதற்குள் போகாமல் பைபாஸ் பண்ணிவிட்டோம். வெள்ளிக்கிழமை பெங்களூருக்கு லோடு இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பெட்டியை இப்போது இறக்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பி வாங்கப் பாருங்கள். உங்கள் பிரச்சினைக்கான பதில், ஒன்றுமில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த டிரையர் வரியில்தான் இருக்கிறது.

உங்கள் பெட்டி உண்மையில் இரண்டு பெட்டி. முன்னால் இருப்பதை டிரைவர் கையால் மாற்றுகிறார். பின்னால் லோ, ஹை என்று இரண்டே நிலை உள்ள ஒரு சின்னப் பகுதி ஒட்டியிருக்கிறது. அதைக் கை தொடுவதில்லை, காற்றுதான் தள்ளுகிறது. முன்பகுதியின் அதே நான்கு கியர் லோவில் 1 முதல் 4 வரையாகவும், ஹையில் 5 முதல் 8 வரையாகவும் வேலை செய்யும். மீதி ஒன்று 1-க்கும் கீழே உள்ள கிராலர். நாப்பில் இருக்கும் சுவிட்ச் வெறும் உத்தரவு கொடுப்பதோடு சரி. மெல்லிய நைலான் டியூப் வழியாக அந்த உத்தரவு பெட்டியின் மேல் உள்ள வால்வுக்குப் போகும். அந்த வால்வு பின்னால் இருக்கும் சிலிண்டருக்குள் காற்றை விடும், பிஸ்டன் நகரும், ஹை விழும்.

பல் உடைந்தாலோ சிங்க்ரோனைசர் தேய்ந்தாலோ, சுவிட்சை மூன்று தடவை தட்டினால் சரியாகிவிடாது. தட்டத் தட்ட விழுகிறது என்றால் எங்கோ ஒரு வால்வு ஒட்டிக்கொண்டு நகரத் தயங்குகிறது என்று பொருள். காலையில் அதிகம் என்பதும் அதே கதைதான். இரவெல்லாம் நின்ற வண்டியில் வால்வுக்குள் இருக்கும் பிசுக்கு இறுகிப்போயிருக்கும். இன்னொன்று, லாரியில் காற்று ஏறும்போது பிரேக்குக்குத்தான் முதல் மரியாதை. ஹாரன், கிளட்ச் பூஸ்டர், கியர் இவற்றுக்கெல்லாம் கடைசியாகத்தான் வரும். டாஷ்போர்டில் ஏர் மீட்டர் பாதி ஏறியதுமே வண்டியை எடுத்தால் கியருக்குப் போதிய காற்று இருக்காது.

சரி, பிசுக்கு எங்கிருந்து வந்தது? கம்ப்ரஸர் விடும் காற்றில் ஈரமும் இருக்கும், கொஞ்சம் எண்ணெயும் இருக்கும். இரண்டையும் பிடித்து நிறுத்தத்தான் டிரையர். அதை பைபாஸ் செய்தால் அன்றைக்குப் பணம் மிச்சம். வண்டியும் ஓடும், பிரேக்கும் பிடிக்கும், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து டேங்கில் தங்கி, அங்கிருந்து ஒவ்வொரு வால்வாகப் போய் உட்காரும். இப்போதே போய் ஏர் டேங்கின் அடியில் உள்ள டிரெய்னை இழுத்து, ஒரு வெள்ளைத் துணியில் பிடித்துப் பாருங்கள். வெறும் காற்று வந்தால் நான் சொல்வது தவறு. புளித்த மோர் மாதிரி சாம்பல் நிறத்தில் எண்ணெய் நாற்றத்தோடு வந்தால், அதேதான் உங்கள் கியர் வால்வுக்குள்ளும் இருக்கிறது. பிரேக் வால்வுகளிலும் இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

டிரையர் பைபாஸ் என்பது நம் ஊரில் ஒரு வைத்தியமாகவே ஆகிவிட்டது. டிரையரில் ஈரத்தைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜை மாற்றினால் பட்டறைக்குக் கிடைப்பது சொற்பம். பெட்டியை இறக்கினால் கூலி, லேத் வேலை, ஸ்பேர் கடைக் கமிஷன் எல்லாம் உண்டு. அப்புறம் எதைச் செய்யச் சொல்வார்கள்? எல்லா மெக்கானிக்கும் அப்படி என்று சொல்லவில்லை. ஆனால் கையில் ஒரு பிரஷர் கேஜ்கூட இல்லாமல், காதால் கேட்டே சிங்க்ரோனைசர் போயிற்று என்று சொல்பவரிடம் 90 ஆயிரத்தை நம்பிக் கொடுக்காதீர்கள். எப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போனால் ஒளிரும் ஸ்டிக்கர் எங்கே, ஸ்பீடு கவர்னர் எங்கே என்று கேட்கிறார்கள். ஏர் டேங்கைத் திறந்து பாருங்கள் என்று கேட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இனி சோதனைக்கு வருவோம். பெரிதாக ஒன்றுமில்லை, நீங்களும் கிளீனரும் சேர்ந்தே பார்க்கலாம். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். கட்டை வைக்காமல் யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. காற்றை முழுதாக ஏற்றி, இன்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். இப்போது நீங்கள் மேலே உட்கார்ந்து சுவிட்சை மாற்ற, கிளீனர் பெட்டிக்குப் பக்கத்தில் காதைக் கொடுக்கட்டும்.

ஈட்டன் நிறுவனத்தின் ரோட்ரேஞ்சர் வகைப் பெட்டிகளில் ஹைக்குத் தூக்கும்போது நாப்பிலிருந்து சின்னதாக ஒரு ‘புஸ்’ வரும். பெட்டி மேல் இருக்கும் வால்விலும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு ‘புஸ்’ வந்து உடனே நிற்க வேண்டும். உள்ளே ‘டொக்’ என்று விழும் சத்தம் நின்ற வண்டியில் கேட்கலாம், கேட்காமலும் போகலாம், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். காற்றுச் சத்தம்தான் கணக்கு. நாப்பில் சத்தமே இல்லை என்றால் நாப், அல்லது அதற்குப் போகும் டியூப். நாப்பில் வந்து பெட்டியில் வரவில்லை என்றால் மேலே உள்ள வால்வு. உங்கள் வண்டியில் இதுதான் நடக்கும் என்று நினைக்கிறேன். லோ, ஹை இரண்டிலும் நிற்காமல் சீறிக்கொண்டே இருந்தால் வால்வின் ஓ ரிங்கோ (காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்), பின்னால் சிலிண்டரில் பிஸ்டனின் ஓ ரிங்கோ போயிருக்கிறது. பெரும்பாலான பெட்டிகளில் அந்த சிலிண்டர் மூடி பின்பக்கம்தான் இருக்கும். காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டு, மூடியின் போல்ட்டுகளைக் கழற்றி, வண்டியில் இருக்கும்போதே ஓ ரிங் மாற்றலாம்.

டியூப்களையும் ஒரு பார்வை பாருங்கள். சேஸிஸில் உரசிய இடம், சைலன்ஸர் பக்கம் இளகிய இடம், எல்போவில் மடங்கிய இடம். சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

பெட்டிக்கு வரும் காற்றைக் குறைத்துக் கொடுக்க ஒரு ரெகுலேட்டர் உண்டு. ரோட்ரேஞ்சர் வகையில் அதற்குப் பின்னால் ஏறக்குறைய 58 முதல் 62 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும், அதாவது சுமார் 4 பார். டேங்கில் இருப்பதில் பாதிதான். கேஜ் சில நூறு ரூபாய்தான், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரெகுலேட்டரோடு சேர்ந்தாற்போல் ஒரு சின்ன ஃபில்டர் இருக்கும். உங்கள் வண்டியில் அது அடைத்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். இங்கேதான் அடுத்த வித்தை காட்டுவார்கள். ரெகுலேட்டரையும் பைபாஸ் செய்து டேங்க் காற்றை நேராகக் கொடுத்துவிடுவார்கள். ஹை உடனே ‘டமார்’ என்று விழும், டிரைவர் சந்தோஷப்படுவார். அப்படி அடி வாங்கும் சிங்க்ரோனைசர் எத்தனை நாள் தாங்கும்?

பெட்டியின் மேல் உள்ள பிரீதரையும், அதாவது பெட்டி மூச்சுவிடும் துளையையும், தொட்டுப் பாருங்கள். அதில் காற்று வந்துகொண்டே இருந்தாலோ, எண்ணெய் கக்கினாலோ, ஏர் சிலிண்டரிலிருந்து பெட்டிக்குள் காற்று கசிகிறது. இது தெரியாமல் பின் ஆயில் சீலை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். உள்ளே காற்று அழுத்தும்வரை எந்த சீலும் நிற்காது.

உண்மையாகவே பெட்டியைப் பிரிக்க வேண்டிய நிலை ஒன்று உண்டு. காற்று சரியான அழுத்தத்தில் வருகிறது, வால்வு உடனுக்குடன் மாறுகிறது, ஹையும் விழுகிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் ‘கர்ர்’ என்று உராய்கிறது, அல்லது லோடு இழுக்கும்போது தானாகக் கழன்றுகொள்கிறது என்றால் சிங்க்ரோனைசரைச் சந்தேகிக்கலாம். அப்போதும் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். கியர் பெட்டியின் ஆயில் டிரெய்ன் பிளக்கில் உள்ள காந்தத்தைப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை எல்லா வண்டியிலும் இருக்கும், அது பயமில்லை. நகத்தில் தட்டுப்படும் செதில்களும் பல் துண்டுகளும் வந்தால் பிரித்துத்தான் ஆக வேண்டும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காற்று குறைவாக வந்தாலும் பிஸ்டன் மெதுவாக நகரும், சிங்க்ரோனைசர் நேரம் பிடித்து உராயும், அப்போதும் சத்தம் வரும். அதனால் காற்றைச் சரிசெய்யும் முன் சத்தத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதே காரணத்தால் இப்படியே இன்னும் பல மாதம் ஓட்டினால், இன்றைக்கு பொய் சொல்லும் அந்தப் பட்டறைக்காரர் அன்றைக்கு உண்மை சொன்னவர் ஆகிவிடுவார். காற்றின் தவறே சிங்க்ரோனைசரைத் தின்றுவிடும்.

டிரைவரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள், திட்ட வேண்டாம். சுவிட்சை 4-ல் இருக்கும்போதே ஹைக்குத் தூக்கிவிட்டு, பிறகு கியர் ராடை இழுக்க வேண்டும். நியூட்ரலைத் தாண்டும் கணத்தில் ஹை தானாக விழும். நியூட்ரலுக்கு வந்த பிறகு சுவிட்சைத் தேடுவதும், வேகம் குறையாமல் 5-லிருந்து 4-க்கு இறக்குவதும்தான் சிங்க்ரோனைசரைக் கொல்லும். ராடு புஷ் தேய்ந்து நியூட்ரல் சரியாக வராவிட்டாலும் வால்வு நகராது, ஏனென்றால் கியரில் இருக்கும்போது லோ–ஹை மாறக் கூடாது என்று உள்ளே ஒரு பூட்டு இருக்கிறது. ராடைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ரொம்பத் தளர்ந்திருந்தால் முதலில் புஷ் மாற்றுங்கள்.

ஆகச் செய்ய வேண்டிய வேலை இதுதான். டிரையரைத் திரும்ப மாட்டிப் புது கார்ட்ரிட்ஜ் போடுங்கள். டேங்க்குகளைச் சுத்தமாக வடித்துவிட்டு, டியூப்களை ஊதி, ரெகுலேட்டர் ஃபில்டரையும் பெட்டி மேல் உள்ள வால்வையும் மாற்றுங்கள், அல்லது அவற்றுக்கான ரிப்பேர் கிட் போடுங்கள். கம்ப்ரஸர் எண்ணெயை அதிகமாகத் தள்ளுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புது கார்ட்ரிட்ஜும் சீக்கிரம் போய்விடும். கிட் வாங்கும்போது பெட்டியின் பிளேட்டில் உள்ள மாடல் நம்பரைக் கொடுத்து, பில்லோடு வாங்குங்கள். ஸ்பேர் கடையில் ‘எல்லாத்துக்கும் செட் ஆகும்’ என்று உதிரியாக எடுத்துக் கொடுக்கும் ஓ ரிங் அளவில் மயிரிழை வித்தியாசம் இருக்கும். எண்ணெய் பட்டால் ஊதிப்போய் மறுபடியும் வால்வு ஒட்டும். வால்வுக்குள் சேஸிஸ் கிரீஸை அள்ளிப் பூசவும் விடாதீர்கள், துளைகள் அடைத்துக்கொள்ளும். மாற்றிய பழைய சாமான்களைக் கையில் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, வெள்ளிக்கிழமை லோடு. போகும்போது தொப்பூர் கணவாயில் ஏற்றம், லோவில் இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று நினைப்பீர்கள். வரும்போது அதே தொப்பூர் இறக்கம், சேலம் பக்கம் கீழே இறங்க வேண்டும். அங்கே வால்வு ஒட்டி, லோவுக்கும் ஹைக்கும் நடுவில் பிஸ்டன் நின்றுவிட்டால், ராடு கியரில் இருந்தாலும் பெட்டி நியூட்ரல்தான். இன்ஜின் பிடிப்பு போய்விடும், பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். அந்தப் பிரேக்கும் டிரையர் இல்லாத அதே காற்றில்தான் ஓடுகிறது. லோடு புக்கிங்காரரிடம் வேறு வண்டி பார்க்கச் சொல்லிவிடுங்கள். வாடகை போனால் போகட்டும். வண்டி சரியான பிறகும், இறக்கம் தொடங்கும் முன்பே கியரைத் தேர்ந்துகொள்ளச் சொல்லுங்கள். கீழே இறங்கும்வரை டிரைவர் லோ–ஹை சுவிட்சைத் தொடவே கூடாது.