பாட்டிக்கு ஒரு நினைவு மலர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் பாட்டி தவறி அடுத்த மாதம் ஓராண்டு நிறைகிறது. சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்). திவசத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க 16 பக்கத்தில் நினைவு மலர் போடுகிறோம். எழுதியதைப் படித்தால் யார் வீட்டுப் பாட்டிக்கும் பொருந்துகிற மாதிரி இருக்கிறது. எப்படித் திருத்துவது?
– வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: "அன்பின் திருவுருவம்", "பாசத்தின் பிறப்பிடம்" இரண்டையும் முதலில் அடித்துவிடுங்கள். நீங்கள் அனுப்பிய ஒன்றரைப் பக்கத்தில் பாட்டி என்ன செய்தார் என்று ஒரு வரிகூட இல்லை.

அவரோடு வேலை செய்தவர்கள் ஓரிருவராவது இன்னும் இருப்பார்கள். அவர்களிடம் "பாட்டி எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமானவர்" என்பார்கள், அதோடு பேச்சு முடிந்துவிடும். பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) எத்தனை மணிக்குக் கிளம்புவார், கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டாரா, மூத்த பிள்ளை பார்த்துக்கொண்டதா, சம்பளத்தன்று கடைக் கணக்கை அடைத்தது யார், தாத்தா காய்ச்சலில் படுத்தால் அவர் நிரையையும் (அவருக்கு ஒதுக்கிய மர வரிசையையும்) சேர்த்து யார் வெட்டியது என்று கேளுங்கள். நல்ல மனைவி, நல்ல தாய் என்பதெல்லாம் அந்தப் பதில்களிலேயே வந்துவிடும்.

தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்குத் தோட்ட வேலை தெரியாது. விடியுமுன் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். அதனால்தான் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் போனார்கள். பட்டை நனைந்திருந்தால் வெட்ட முடியாது, வெட்டினாலும் மழைத் தண்ணீர் பாலைக் கோப்பைக்கு வெளியே அடித்துக்கொண்டு போய்விடும். ஒரு வாரம் விடாமல் மழை பெய்தால் வீட்டில் என்ன ஆகும் என்று இதை வைத்தே அவர்களுக்குப் புரியும். ஒட்டுப்பால் (வெட்டிலும் கோப்பையிலும் உறைந்த பால்), காண்டா (பால் வாளி தூக்கும் தோள்கம்பு), கங்காணி (மேற்பார்வையாளர்) போன்ற சொற்களை மாற்றாமல் எழுதி, ஓரத்தில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள். தோட்டத்துக்கு ஆபீஸ் பெயர் ஒன்று, நம்மவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கும். இரண்டையும், டிவிஷனையும் (தோட்டப் பிரிவையும்), எத்தனையாவது கட்டை (மைல்) என்பதையும் போடுங்கள். தோட்டம் செம்பனையாகவோ வீடமைப்பாகவோ மாறியிருந்தால் அந்த இடத்துக்கு அடையாளம் சொல்ல இவைதான் மிஞ்சும்.

அச்சைப் பொறுத்தவரை, நடுவில் கம்பி குத்தும் புத்தகத்தின் பக்கங்கள் 4இன் மடங்காக இருக்க வேண்டும். ஏ4 தாளை இரண்டாக மடித்தால் 4 பக்கம். 16 பக்கத்துக்கு 4 தாள். 17ஆம் பக்கம் என்று ஒன்று வந்துவிட்டால் 20 ஆக்குங்கள், இல்லையென்றால் வெட்டிக் குறையுங்கள். யூனிகோடில் தட்டிய எழுத்தை அச்சகம் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், 'கொ', 'கோ' உடைந்து போகும். கடைசி பிடிஎஃப்பை வாங்கி, பெயர்களையும் தேதிகளையும் வேறொருவரைச் சத்தமாகப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள்.

கேள்வி: அடையாள அட்டையில் ஒரு பிறந்த ஆண்டு, அத்தை சொல்வது வேறு. எதைப் போடுவது?

பதில்: ஐசி (அடையாள அட்டை) எண்ணின் முதல் 6 இலக்கம் பதிவான பிறந்த தேதி. அது உண்மைத் தேதியாக இருக்க வேண்டும் என்றில்லை. மலாயாவின் அவசரகாலத்தில், 1948இல் அடையாள அட்டை கொண்டுவந்தபோது, பிறப்புப் பத்திரம் இல்லாத பலருக்கு உத்தேச வயதுதான் பதிவானது. பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் தாயின் வயது இருந்தால் கழித்துப் பாருங்கள். பத்திரத்துக்குப் பத்திரம் மாறினால், மூத்த பிள்ளையுடையதை நம்பலாம். அத்தையிடம் ஆண்டைக் கேட்காதீர்கள், காலத்தைக் கேளுங்கள். ஜப்பான்காரன் வந்தபோது (1941 டிசம்பர்) பாட்டி நடக்கிற பிள்ளையா? மெர்டேக்காவின்போது (சுதந்திரம், 1957 ஆகஸ்ட் 31) கல்யாணம் ஆகிவிட்டதா, இடுப்பில் எந்தப் பிள்ளை? அப்படியும் தீரவில்லையென்றால் ஐசியில் உள்ளதைப் போட்டு, "பதிவின்படி" என்று சேருங்கள்.

கேள்வி: பாட்டியின் ஒரே இளவயதுப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரிக்கலாமா?

பதில்: பிரிக்காதீர்கள். ஈரக்காற்றில் படத்தின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியின் வெளிப்புறத்தைத் துடைத்து, அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். பழைய ஐசி அளவுப் படமென்றால் 1200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு) வையுங்கள். 35க்கு 50 மில்லிமீட்டர் படம், 300 டிபிஐயில் அச்சிடும்போது ஏறக்குறைய ஒரு முழுப் பக்கத்துக்கு வரும். 300இலேயே ஸ்கேன் செய்துவிட்டுப் பெரிதாக்கினால் முகம் கலங்கிவிடும். முகத்தை வழவழப்பாக்கும் செயலிகள் பக்கம் போகாதீர்கள். பாட்டியின் மூக்குத்தியைக்கூட அழித்துவிடும்.

கேள்வி: திதி எப்படிப் பார்ப்பது? ஆங்கிலத் தேதியில் செய்தால் போதாதா?

பதில்: பத்திரிகை நினைவஞ்சலிக்கு ஆங்கிலத் தேதி போதும். வீட்டுப் படையலுக்குத் தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, உயிர் பிரிந்த நேரத்துத் திதி மூன்றும் வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். தமிழ்நாட்டுப் பஞ்சாங்கத்தில் இருப்பது இந்திய நேரம். நமக்கு இரண்டரை மணி கூட்ட வேண்டும். தசமி இரவு 9:40 வரை என்றிருந்தால் இங்கே நள்ளிரவு 12:10 வரை. இரவு 11:30க்குத் தவறியவருக்குத் தசமிதான். கூட்டாமல் பார்த்தால் ஏகாதசி என்று ஒரு நாள் தள்ளிப்போகும். 1982 ஜனவரி 1இல்தான் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரைமணி முன்னே போனது. அதற்கு முன் தவறிய தாத்தாவுக்குப் பார்ப்பதானால் 2 மணி மட்டும் கூட்டுங்கள். மலேசியாவிலேயே அச்சான பஞ்சாங்கம் என்றால் நேரத்தை முன்பே மாற்றியிருக்கக்கூடும், முன்பக்கக் குறிப்பைப் படித்துவிடுங்கள். ஒரே தமிழ் மாதத்தில் அந்தத் திதி இரண்டு முறை வந்தால் பெரும்பாலும் பிந்தியதை எடுப்பார்கள். உங்கள் வீட்டு வழக்கத்தைக் குருக்களிடம் உறுதிசெய்துகொண்டு மண்டபத்துக்கு முன்பணம் கட்டுங்கள்.