ஏ.டி.வி.யில் வீட்டிலேயே கை வைக்கலாமா?

கேள்வி: ஏ.டி.வி. (மணல், சேறு எங்கும் ஓடும் நாலு சில்லு மோட்டார் சைக்கிள்) வண்டியில் நாமே வீட்டில் என்னென்ன மாற்றங்கள் செய்யலாம்? கராச்சில் கொடுக்காமல் செய்தால் ஆபத்தா?

இப்படி யாராவது கேட்டால் உடனே ஒருவர் வந்து, "தெரியாத வேலையில் கை வைக்காதீர்கள், கம்பனி ஆட்களிடம் கொடுங்கள்" என்பார். எங்கள் பக்கத்தில் எந்தக் கம்பனி ஆளிடம் கொடுப்பது? 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. அதனால் சின்னப் போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் பெற்றோலில் கொஞ்சத்தைக் காபரேற்றரில் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். என் சித்தப்பா அதில்தான் வேலைக்குப் போய் வந்தார். உங்கள் வண்டியிலும் அப்படிச் செய்யுங்கள் என்று சொல்ல வரவில்லை. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்துவிடும், எஞ்சினும் தட்டும். வேறு வழியில்லாமல் செய்தது அது. ஆனால் அதைப் பார்த்து வளர்ந்தவனிடம் "கை வைக்காதே" என்றால் கோபம் வரத்தானே செய்யும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வைத்திருப்பது செயின் பூட்டிய சின்ன வண்டி என்று நினைக்கிறேன். வீடியோ பார்த்துவிட்டு அதை உயர்த்தவும், சில்லுக்கு உள்பக்கம் வீல் ஸ்பேசர் என்ற தடித்த வளையம் போட்டு அகலமாக்கவும், முன்னால் பெரிய லைற் பூட்டவும் ஆசைப்படுவீர்கள். என்னிடம் இருப்பதும் அப்படிப்பட்ட வண்டிதான், பழையதாக வாங்கியது. மணற்காட்டுப் பக்கம் எங்கள் மீன் வாடிக்கு (கடற்கரைக் கொட்டிலுக்கு) ஐஸ் பெட்டியும் வலையும் ஏற்றுவதற்காக எடுத்தேன். முன்பு வைத்திருந்தவர் அந்த மூன்று ஆசையையும் அதில் தீர்த்துவிட்டுத்தான் விற்றார்.

ஸ்பேசர் போட்டதில் சில்லு வெளியே தள்ளி நின்றது, பாரமெல்லாம் பெயரிங்கிலும் சில்லைப் பிடிக்கும் ஸ்ரட் போல்ற்றிலும் விழுந்து பின் பெயரிங் ஆடியது. உயர்த்தியதால் சரிவில் ஏறும்போது வண்டி கவிழப் பார்த்தது. கவிழும் பழக்கம் இந்த வண்டிகளுக்குப் புதிதல்ல. முன்பு மூன்று சில்லு ஏ.டி.வி.கள் இருந்தன; பலர் செத்த பிறகு 1988இல் அமெரிக்காவில் அவற்றின் விற்பனையை நிறுத்தினார்கள். லைற் கதை இன்னும் மோசம். 120 வாட் எல்.ஈ.டி. பாருக்கு 12 வோல்ற்றில் 10 அம்பியர் வேண்டும். அதை நூல் மாதிரி வயரில், பியூஸ் இல்லாமல், பற்றரியிலிருந்து நேரே எடுத்திருந்தார். வயரின் உறை உருகிப் பெற்றோல் குழாயோடு ஒட்டிக் கிடந்தது. எல்லாவற்றையும் கழற்றினேன். இப்போது இருப்பது சின்ன லைற். தடித்த வயர், ரிலே (சின்ன சுவிட்சால் பெரிய மின்னோட்டத்தைப் போட்டு நிறுத்துவது), பற்றரிக்குப் பக்கத்திலேயே பியூஸ்.

சைலென்சரையும் விட்டுவைக்கவில்லை மனிதர். சத்தத்துக்காக வெட்டி, காற்றுப் பெட்டியையும் எடுத்துவிட்டு வெறும் பில்ற்றர் ஒன்றை மாட்டியிருந்தார். காற்று கூடி, பெற்றோல் குறைந்து எஞ்சின் கொதித்தது. பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு வெள்ளை. காபரேற்றரில் பெற்றோல் வரும் துளையான மெயின் ஜெற்றைப் பெரிதாகப் போட்டும் சரிக்கட்டலாம். ஆனால் கடற்கரை மணலில் ஓடுகிற வண்டிக்குப் பெட்டி வேண்டும் என்று பழைய பெட்டி தேடி மாட்டினேன். உள்ளே ஒயில் தடவிய ஸ்பொஞ்ச் பில்ற்றர். இப்போது பிளக் நல்ல மண்ணிறம்.

நான் மிகவும் பெருமைப்படும் வேலை பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. எஞ்சினுக்கும் காபரேற்றருக்கும், சில வண்டிகளில் பின் கியர்ப் பெட்டிக்கும் மூச்சுக் குழாய்கள் உண்டு. சூடான பெட்டி தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், அந்தக் குழாய் வழியே தண்ணீரை இழுக்கும். பிறகு ஒயிலை வடித்துப் பார்த்தால் பால்தேத்தண்ணி வரும். குழாய்களை நீட்டி ஹாண்டில் உயரத்துக்குக் கொண்டுபோய் வாயைக் கீழே வளைத்துக் கட்டிவிட்டேன். செலவு என்று சொல்ல ஒன்றும் இல்லை. மழைக்காலத்துப் பள்ளங்களில் இதுவரை கரைச்சல் தரவில்லை.

அடுத்தது ரயர். பெரும்பாலான ஏ.டி.வி. ரயர்களுக்கு 3 முதல் 7 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும், உங்கள் வண்டியில் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். சாதாரணக் காற்றுமானி 10க்குக் கீழே சரியாகக் காட்டாது, குறைந்த அழுத்தத்துக்கென்று வருவதை வாங்குங்கள். கடற்கரைக்குப் போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி செயினுக்கு ஒயில் விடுங்கள். பிரேக்கையும் ஸ்ரியரிங்கையும் மட்டும் நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். "முதலில் கம்பனியைத் திட்டினாயே" என்று யாரும் கேட்க வேண்டாம். தெரிந்தவர் என்றால் கம்பனிச் சட்டை போட்டவர் என்று அர்த்தமில்லை.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். முறையில் அளந்து கொடுத்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5. நம்பர் இல்லாத என் வண்டிக்கு ஒன்றுமில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது இந்தக் கலியாணப் படப்பிடிப்புக்காரர்களைத்தான். மணல் மேடும் சவுக்கங்காடும் அழகாக இருக்கிறதாம். பொம்பிளையையும் மாப்பிள்ளையையும் கூட்டிவந்து, "அண்ணை, ஒரு அஞ்சு நிமிசம் வண்டியைத் தாங்கோ, படத்துக்கு எடுப்பா இருக்கும்" என்று கேட்பார்கள். அஞ்சு நிமிசம் பின்னேரம் வரை போகும். போன முறை மாப்பிள்ளை மணலில் சில்லைச் சுழற்றிச் சுழற்றி செயின் முழுக்க மண். புடவை செயினில் மாட்டாமல் நான் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வாய்த் தேத்தண்ணிகூட வாங்கித் தரவில்லை, படமும் அனுப்பவில்லை.

லைற் பூட்டத்தான் போகிறீர்கள் என்றால் உங்கள் வண்டியின் ஸ்ரேற்றர் (எஞ்சினில் மின்சாரம் எடுக்கும் சுருள்) எத்தனை வாட் என்று பார்த்து எழுதுங்கள். அது தெரியாமல் என்ன வயர், எத்தனை அம்பியர் பியூஸ் என்று சொல்ல முடியாது.