சத்திரம் இலவசம்தான், யாருக்கு?

கேள்வி: நூறு வருஷத்துக்கு முன்னால் வெளியூரிலிருந்து பட்டணம் போனவர்கள் சத்திரத்தில் காசில்லாமல் தங்கி, வயிறாரச் சாப்பிட்டு வந்தார்கள். இன்று ஒரு ராத்திரி லாட்ஜுக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறைவாக எதுவும் இல்லை. அந்தப் பொற்காலத்தை ஏன் தொலைத்தோம்?
— ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: தங்கினார்கள், சரி. எல்லோருமா? வயிறார என்றீர்களே, யார் வயிறு?

உங்கள் பக்கத்துச் சத்திரங்களையே எடுத்துக்கொள்வோம். ஒரத்தநாடு முக்தாம்பாள் சத்திரமும் ராஜாமடம் சத்திரமும் ராமேசுவரம் போகும் சேது வழிக்காக ஏற்பட்டவை. நடந்தும் மாட்டுவண்டியிலும் போகிறவன் பொழுது சாயும் நேரத்தில் எங்கே களைத்து நிற்பானோ, அங்கே சத்திரம், கிணறு, குளம், வண்டி அவிழ்க்க இடம். அந்தக் கணக்கு பிசகில்லாதது. ரயில் வந்ததும் கணக்கு உடைந்தது. 1862-இல் திருச்சி, 1875-இல் மதுரை, 1914-இல் பாம்பன் பாலம். ஒரு மாத நடை ஓரிரு ராத்திரிப் பயணமாகச் சுருங்கியபோது, சாலையோரச் சத்திரத்தில் இறங்க ஆள் குறைந்தது. ரயிலை விட்டு இறங்கியவனுக்கு வேண்டியிருந்தது ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கூரை. மதுரையில் மங்கம்மாள் சத்திரமும் சென்னையில் சென்ட்ரலுக்கு எதிரே ராமசாமி முதலியார் சத்திரமும் அப்படி வாய்த்தன. எல்லா ஊருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இருந்த சத்திரத்தில் என்ன கிடைத்தது? தாழ்வாரத்தில் படுக்க இடம், கிணற்றுத் தண்ணீர், அடுப்பு மூட்ட மூலை. மற்றதெல்லாம் உங்கள் மூட்டையில் வரவேண்டும்: ஜமுக்காளம், செம்பு, தண்ணீர் இறைக்கக் கயிறு, அரிக்கேன் விளக்கு, அரிசி, புளி. உள்ளறை கிடைக்கிற பாக்கியசாலி பூட்டும் கொண்டுவரவேண்டும். கதவில் நாதாங்கிதான் இருக்கும். அறை கிடைக்காதவன் மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுப்பான், அசந்தால் விடியும்போது தலைதான் மிச்சம்.

பெரும்பாலான இடங்களில் மூன்று நாள் கெடு. யாத்திரிகனுக்கு அது போதும். ஆனால் 1900-க்குப் பிறகு பட்டணம் வந்தவன் யாத்திரிகன் மட்டும் இல்லையே! ஐகோர்ட்டில் வழக்கு உள்ள மிராசுதார், ஜெனரல் ஆஸ்பத்திரிக்கு மனைவியை அழைத்துவந்தவர், பரீட்சை எழுத வந்த பையன், சரக்குப் பிடிக்க வந்த ஜவுளிக்காரர். வழக்கை எட்டு நாள் ஒத்திவைத்தால் நாலாம் நாள் எங்கே போவது? உறவுக்காரர் வீட்டுத் திண்ணைக்கு, இல்லையென்றால் அடுத்த சத்திரத்துக்கு. சொந்த சாதிக்கென்று விடுதி கட்டிவைத்த சமூகத்தார் தப்பித்தார்கள். நகரத்தார் இதில் கெட்டிக்காரர்கள். காசி வரைக்கும் கட்டிவைத்தார்கள்.

துரைகளுக்கு முசாபரி பங்களா, அதாவது பயணத்தில் வருகிறவர் தங்க சர்க்கார் கட்டிய விடுதி. கட்டில், நாற்காலி, சமையல்காரன் உண்டு, வாடகையும் உண்டு. அங்கேயும் கெடு உண்டு: இருபத்துநாலு மணி நேரம் தங்கியாகிவிட்டால், புதிதாக வருகிறவர் கேட்கும்போது இடம் விடவேண்டும். ரயில் நிலையத்து ஓய்வறை முதல், இரண்டாம் வகுப்பு டிக்கெட்டுக்கு. மூன்றாம் வகுப்புக்காரனுக்குப் பிளாட்பாரக் கொட்டகை.

இப்போது சாப்பாட்டுக்கு வருகிறேன். 1801-இல் தஞ்சை மன்னர் சரபோஜி, கும்பினியின் பிரதிநிதியான ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில், பிராமணர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் எல்லோருக்கும் சத்திரத்தில் சோறு, சமைத்ததை உண்ணாதவருக்கு அரிசி என்று தெளிவாக இருக்கிறது. அரசர் எழுதியது அது. இருபதாம் நூற்றாண்டில் நடந்தது வேறு. அதே சத்திர வருமானத்தில் ஓடிய ஒரத்தநாடு, ராஜாமடம் மாணவர் விடுதிகளில் பிராமணரல்லாத பிள்ளைகளுக்கு இலை விழவேண்டுமென்றால், நீதிக்கட்சியின் ஏ. டி. பன்னீர்செல்வம் ஜில்லா போர்டுத் தலைவராக வரவேண்டியிருந்தது. பிள்ளைகளுக்கே இந்தக் கதி என்றால் வழிப்போக்கனுக்கு? பல சத்திரங்களில் மற்ற சாதியாருக்குத் திண்ணை. தாழ்த்தப்பட்டவருக்கு அதுவும் இல்லை, கிணறும் இல்லை. பொது இடங்களில் இந்தத் தடையைச் சட்டவிரோதமாக்க 1938-இல் தாழ்த்தப்பட்டோர் தலைவர் எம். சி. ராஜா கொண்டுவந்த மசோதா தேவைப்பட்டது. அதை நிறைவேற்றியதாலேயே கதவு திறந்துவிடவில்லை என்பது வேறு விஷயம்.

காசு வாங்கிய ஓட்டல்காரர் மட்டும் யோக்கியரா? இல்லை. "பிராமணாள்" பலகை தொங்கியது அங்கேதான். ரயில்வே உணவுச் சாலையில்கூட இரண்டு பந்தி. பெரியார் கிளர்ச்சி செய்து 1941-இல்தான் அது ஒழிந்தது. ஆனாலும் ஓட்டல் செய்த ஒரு காரியத்தைச் சத்திரம் செய்யவில்லை. வாடகை கொடுத்தவன் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம், பூட்டு, விளக்கு, படுக்கை ஓட்டல்காரர் பொறுப்பு. 1930களின் கடைசியில் ராயப்பேட்டையில் கிருஷ்ணராவ் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கியபோது வெளியூர்க் குடும்பங்கள் அங்கே போனதற்கு மசால்தோசை மட்டும் காரணமில்லை.

காலராவை மறந்துவிட்டீர்கள். திருவிழாக் கூட்டம் ஒரே கிணற்றில் இறைத்து, ஒரே குளத்தில் கால் கழுவி, அதே குளத்துத் தண்ணீரில் உலை வைத்தது. நோய் யாத்திரிகர் கூடவே சத்திரம் சத்திரமாக நடந்தது. சென்னைக்கே கீழ்ப்பாக்கத்தில் வடிகட்டிய குடிநீர் 1914-இல்தான் வந்தது.

ஆகவே தொலைந்தது பொற்காலம் அல்ல. தொலைந்தது நிலம். சத்திரம் இலவசமாக நடந்தது அதற்கென்று எழுதிவைத்த மானிய கிராமங்களின் நெல்லில். உங்களுக்கு நிஜமாகவே ஆதங்கம் இருந்தால், மானிய நிலங்களை விசாரித்த இனாம் கமிஷன் 1860களில் எழுதிய இனாம் பதிவேட்டில் உங்கள் ஊரைப் பாருங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் நகல் வாங்கலாம். சத்திரத்தின் பெயரில் எத்தனை ஏக்கர், எந்த நோக்கத்துக்கு என்று அதில் இருக்கும். அதே நிலம் இன்று யார் பட்டாவில் இருக்கிறது, குத்தகை எவ்வளவு வருகிறது என்று தாலுகா ஆபீஸில் கேளுங்கள். பதில் வந்தால் எங்களுக்கு எழுதுங்கள், ஊர்ப் பெயரோடு போடுகிறோம்.